எட்டு ஜிபி லப்டொப்பில் ஒரு ஆர்கெஸ்ட்ரா

கேள்வி: வணக்கம் அண்ணா. நான் உப்புவெளியில் இருக்கிறேன். வீட்டிலிருந்தே கோயில் பாடல்களுக்கும் நண்பர்களின் குறும்படங்களுக்கும் இசை செய்கிறேன். இப்போது எங்கள் பழைய பாடசாலையில் ஒரு நாட்டிய நாடகத்துக்கு இசை கேட்டிருக்கிறார்கள். இரண்டு மாதம் இருக்கிறது. என்னிடம் 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி உள்ள லப்டொப், 49 கீ உள்ள, கணினியோடு இணைக்கும் மிடி கீபோர்ட், எஃப்எல் ஸ்டூடியோ என்ற இசை மென்பொருளின் ஃப்ரூட்டி எடிஷன் இருக்கின்றன. ஸ்ட்ரிங்ஸ் வாசித்தால் ஹார்மோனியம் போலக் கேட்கிறது. ஒரு இலட்சம் ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன். வாங்கினால் பெரியதையே வாங்கு என்று ஒரு நண்பர் 600 ஜிபி லைப்ரரி, அதாவது பதிவு செய்த வாத்திய ஒலிகளின் தொகுப்பு, ஒன்றைச் சொல்கிறார். இன்னொருவர் எல்லா லைப்ரரியும் கிராக் செய்து நிரப்பிய ஹார்ட் டிஸ்க்கை ஐயாயிரத்துக்குத் தருகிறேன் என்கிறார். எதை வாங்கட்டும்? வயலினில் கமகம் வருமா? எந்த மாதிரி ஹெட்ஃபோன் நல்லது?

பதில்: தம்பி, முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்: நாடகம் மேடையேறும் வரைக்கும் லைப்ரரிக்காக ஒரு சதமும் செலவழிக்க வேண்டாம். அந்தக் காசுக்கு வேறு வேலை இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த ஹார்மோனியம் விஷயம்தான். 600 ஜிபி வாங்கினாலும் அது அப்படியே இருக்கும். ஏன் என்று பார்ப்போம். ஸ்ட்ரிங்ஸ் என்று ஒரே ஒரு ஒலியை எடுத்து இரண்டு கையாலும் பல ஸ்வரங்களைச் சேர்த்து கோர்ட் பிடித்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஆர்கெஸ்ட்ரா லைப்ரரியில் முதல் வயலின் பிரிவு என்றால் அதில் உதாரணத்துக்குப் பதினாறு பேர் சேர்ந்து வாசித்த ஒலி இருக்கும். நீங்கள் ஒரு கீ அழுத்தினால் பதினாறு பேர். நான்கு கீ சேர்த்து அழுத்தினால் அறுபத்து நான்கு வயலின். அவ்வளவு பேரும் ஒரே நேரத்தில், ஒரே அழுத்தத்தில், வில்லை எடுக்காமல் இழுக்கிறார்கள். அது ஹார்மோனியமாகக் கேட்காமல் வேறெப்படிக் கேட்கும்?

இன்றைக்கே ஒன்று செய்து பாருங்கள். உங்கள் பாட்டில் நீளமாக நிற்கும் ஒரு கோர்டை எடுங்கள். அதை நான்கு ட்ராக்காகப் பிரியுங்கள். செலோவுக்குக் கீழ் ஸ்தாயி ஸட்ஜம் மட்டும். வியோலாவுக்கு அதற்கு மேலே பஞ்சமம். இரண்டாம் வயலினுக்கு அடுத்த ஸ்தாயி காந்தாரம். முதல் வயலினுக்கு அதற்கும் மேலே ஸட்ஜம். பிறகு கீபோர்டின் இடது பக்கத்தில் இருக்கும் மொட் வீல் என்ற சக்கரத்தைப் பிடியுங்கள். ஒவ்வொரு ட்ராக்குக்கும் தனித்தனியாக, ஸ்வரம் ஒலிக்கும்போதே அதை மெதுவாக ஏற்றி இறக்கிப் பதிவு செய்யுங்கள். நான்கும் ஒரே மாதிரி ஏற வேண்டாம். செலோ முந்தி எழும்பட்டும், வயலின் பிந்தி வரட்டும். அப்புறம் கேளுங்கள்.

இந்த மொட் வீல் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பியானோவில் பழகிய கைக்கு இது விளங்க நாளெடுக்கும். பியானோவில் கீயை எவ்வளவு பலமாக அடிக்கிறோமோ அவ்வளவு சத்தம், அதோடு சரி. வயலினில் ஸ்வரம் தொடங்கிய பிறகுதான் கதையே நடக்கிறது. நல்ல லைப்ரரிகளில் ஒரே ஸ்வரத்தை மெதுவாக, நடுத்தரமாக, பலமாக என்று தனித்தனியே வாசிக்க வைத்துப் பதிந்திருப்பார்கள். மொட் வீல் அந்த அடுக்குகளுக்கிடையே உங்களைக் கொண்டு போகிறது. சத்தத்தோடு ஒலியின் நிறமும் மாறும். எக்ஸ்பிரஷன் என்று இன்னொரு கட்டுப்பாடு இருக்கும், மிடியில் அதன் இலக்கம் 11. அது சத்தத்தை மட்டும் கூட்டிக் குறைக்கும். மொட் வீலின் இலக்கம் 1. இந்த இரண்டையும் கையால் வரைந்து பழகினவருக்கு இலவச லைப்ரரியே போதும். இவற்றைத் தொடாதவருக்கு எந்த லைப்ரரியும் உதவாது என்பது என் உறுதியான எண்ணம்.

சரி, எதில் தொடங்குவது? பிபிசி சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா டிஸ்கவர். ஸ்பிட்ஃபயர் ஆடியோ நிறுவனத்தினுடையது, இலவசம். தரவிறக்கம் சுமார் 200 எம்பிதான், உங்கள் ஃபோன் டேட்டாவிலேயே இறக்கிவிடலாம். லண்டன் மேய்டா வேல் ஸ்டூடியோவில் அந்த ஆர்கெஸ்ட்ராவே வாசித்துப் பதிந்த ஒலிகள். வயலினில் இருந்து டிம்பனி வரைக்கும் ஒரு முழு ஆர்கெஸ்ட்ரா அதற்குள் இருக்கிறது. 8 ஜிபி ராமில் தாராளமாக ஓடும். உங்கள் நண்பர் சொன்ன 600 ஜிபி லைப்ரரி அநேகமாக இதன் மூத்த பதிப்பான புரொஃபெஷனலாக இருக்க வேண்டும், அதன் அளவு கிட்டத்தட்ட அவ்வளவுதான். நடுவில் கோர் என்று ஒன்று, இருபது ஜிபிக்கு மேல் வரும். மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போகும்படி செய்யப்பட்டவை. இன்று டிஸ்கவரில் செய்த வேலையை நாளைக்குப் பெரிய பதிப்பில் திறந்து அப்படியே தொடரலாம். அதனால் சின்னதில் தொடங்கினால் உழைப்பு வீணாகாது.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். டிஸ்கவரில் உண்மையான லெகாட்டோ இல்லை. லெகாட்டோ என்பது வில்லை எடுக்காமல் ஒரு ஸ்வரத்தில் இருந்து அடுத்ததற்குப் போகும் அந்தச் சின்ன வழுக்கல். அதைத் தனியாகப் பதிந்து சேர்த்தால்தான் வரும். டிஸ்கவரில் ஒரு மெலடியை இழைத்து வாசித்தால் ஸ்வரங்களுக்கிடையே தையல் தெரியும். கோர்டுக்கும் தாளத்துக்கு வெட்டி வாசிக்கும் ஸ்பிக்காட்டோவுக்கும் விரலால் தந்தியைச் சுண்டும் பிட்சிக்காட்டோவுக்கும் அது குறையாகத் தெரியாது. நாட்டிய நாடகத்தில் ஜதிக்குப் பின்னால் ஓட உங்களுக்குத் தேவைப்படுவதும் பெரும்பாலும் இவைதான்.

இன்னும் சில இலவச வழிகள் உண்டு. மியூஸ்ஸ்கோர் 4 உடன் வரும் மியூஸ் சவுண்ட்ஸ் கேட்க மிகவும் நன்றாக இருக்கிறது, ஆனால் அது மியூஸ்ஸ்கோருக்குள் மட்டும்தான் ஒலிக்கும். மேற்கத்திய நொட்டேஷன் எழுதத் தெரிந்தால் அங்கே எழுதி, ஓடியோவாக எடுத்து எஃப்எல்லுக்குள் கொண்டுவரலாம். விஎஸ்சிஓ 2 கம்யூனிட்டி எடிஷன், வர்ச்சுவல் பிளேயிங் ஆர்கெஸ்ட்ரா என்றும் இருக்கின்றன. இவற்றின் எஸ்எஃப்இஸட் என்ற கோப்பு வடிவிலான பதிப்பை சஃபோர்ஸாண்டோ என்ற இலவச மென்பொருளில் திறக்கலாம். ஒலி கொஞ்சம் கரடுமுரடு. ஒபோ, பசூன் மாதிரித் தனி வாத்தியம் தேவைப்படும்போது கைகொடுக்கும்.

இனி அந்தப் பெரிய லைப்ரரி. உங்கள் எஸ்எஸ்டி மொத்தமே 256 ஜிபி. 600 ஜிபி எங்கே போகும்? வெளி ஹார்ட் டிஸ்க்கில் வைக்கலாம் என்பார்கள். இந்த லைப்ரரிகள் ஒவ்வொரு ஸ்வரத்தின் தொடக்கத்தையும் ராமில் வைத்துக்கொண்டு, மிச்சத்தை வாசிக்கும் நேரத்தில் டிஸ்க்கில் இருந்து இழுத்துத் தருகின்றன. பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால் இருபது ட்ராக் ஓடும்போது அது திணறும், டக் டக் என்று வெட்டு விழும். தரவிறக்கத்தையும் கணக்குப் பாருங்கள். 20 எம்பிபிஎஸ் வேகம் ஒரு செக்கன்கூடக் குறையாமல் வந்தாலும் 600 ஜிபி இறங்க இரண்டே முக்கால் நாள் எடுக்கும். டேட்டா பில்லை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். அந்த அளவெல்லாம் எதனால் வருகிறது தெரியுமா? ஒரே ஸ்வரத்தை மண்டபத்தின் பல இடங்களில் வைத்த மைக்குகளால் தனித்தனியாகப் பதிந்திருப்பதால். பெரிய சினிமாத் திரைக்கு மிக்ஸ் செய்பவருக்கு அது பெறுமதி. கோயில் வீதியில் ஒலிபெருக்கியில் போகும் பாட்டுக்கு அது தேவையில்லை.

கிராக் செய்த ஹார்ட் டிஸ்க்கை வாங்காதீர்கள். வைரஸ் வரும், விண்டோஸ் அப்டேட் ஆனால் வேலை செய்யாது, ஒரு படத்துக்குக் காசு வாங்கிச் செய்தால் உரிமம் இல்லாத ஒலி என்று மாட்டுப்படலாம் என்பதெல்லாம் உண்மைதான். எனக்கு அதைவிடப் பெரிய காரணம் வேறு. அந்த ஒவ்வொரு ஒலிக்கும் பின்னால் ஒரு கலைஞர் இருக்கிறார். ஒரே ஸ்வரத்தை மெதுவாக, பலமாக, குறுக்கி, நீட்டி, திரும்பத் திரும்ப அசையாமல் உட்கார்ந்து வாசித்திருக்கிறார். நாளைக்கு உங்கள் பாட்டை யாராவது திருடினால் உங்களுக்கு நோகும் அல்லவா? சட்டப்படி இலவசமாகவே ஒரு முழு ஆர்கெஸ்ட்ரா கிடைக்கும் காலத்தில் இதற்கு ஐயாயிரம் கொடுப்பதில் எந்த நியாயமும் இல்லை.

இப்போது கமகம். நல்ல கேள்வி, இதைத்தான் நம் ஆட்கள் எல்லோரும் கேட்க வேண்டும். லைப்ரரி வயலினில் நம்முடைய கமகம் வராது. அதில் இருப்பது மேற்கத்திய முறையில் வாசித்த ஸ்வரம், அந்த முறையின் வைப்ரேட்டோ என்ற நடுக்கம் உள்ளேயே பதிந்திருக்கிறது. ஸ்ருதியை ஏற்றி இறக்கும் பிட்ச் வீலால் வளைத்தால் ஸ்வரத்தோடு வைப்ரேட்டோவும் வளையும், வில்லின் உரசலும் வளையும், அந்த மண்டபத்தின் எதிரொலியும் சேர்ந்து வளையும். தோடியில் காந்தாரத்தை அசைத்துப் பார்த்தால் மண்டபமே ஆடுவது போலக் கேட்கும். பல லைப்ரரிகள் பிட்ச் வீலை ஏற்பதே இல்லை.

இதற்கு வேறு வகை மென்பொருள் இருக்கிறது. ஓடியோ மொடலிங் என்ற இத்தாலிய நிறுவனத்தின் ஸ்வாம். இதில் பதிவு செய்த ஒலி எதுவும் இல்லை. வில் தந்தியில் உரசுவதைக் கணக்குப் போட்டு அந்த நேரத்திலேயே ஒலியை உண்டாக்குகிறது. அதனால் டிஸ்க்கில் இடம் அதிகம் பிடிக்காது, ப்ராசசருக்குத்தான் வேலை கூட. ஸ்வரத்தை எங்கே வேண்டுமானாலும் இழுக்கலாம், வைப்ரேட்டோவை முழுதாக நிறுத்தலாம். கமகத்துக்கு இதுதான் ஆக நெருக்கமாக வருகிறது. ஆனால் ஒரு கை பிட்ச் வீலிலும் இன்னொன்று கீயிலும் இருக்க, எக்ஸ்பிரஷனுக்கு ஒரு கால் பெடலாவது வேண்டும். அது அசையாவிட்டால் ஒலி உயிரற்று நிற்கும். ஒரு ராகத்தை நம்பும்படி வாசிக்க மாதக்கணக்கில் பழக வேண்டும். உங்களுக்கு இருப்பது இரண்டு மாதம்.

அதனால்தான் காசை வைத்திருக்கச் சொன்னேன். திருகோணமலையில் வயலின் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். மட்டக்களப்பு கல்லடியில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் படித்து வந்த பிள்ளைகளும் நம் பக்கம் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரைக் கூப்பிட்டு, முறையாகக் காசு கொடுத்து, நாடகத்தின் முக்கியமான மெலடிகளை வாசிக்க வையுங்கள். பின்னால் டிஸ்கவர் கோர்ட் பிடிக்கட்டும், முன்னால் ஒரு உண்மையான வயலின் பாடட்டும். ஒரே வரியை அவரை இரண்டு மூன்று தரம் வாசிக்கச் சொல்லி அடுக்கினால், பின்னால் இருக்கும் கணினி வயலின்களையும் சேர்த்துக் காது உண்மை என்று எடுத்துக்கொள்ளும். இதைச் செய்து கேட்டவர்கள் அடுத்த முறை லைப்ரரி பற்றி இவ்வளவு மினக்கெட மாட்டார்கள்.

அவர் வருவதற்கு முன் ஸ்ருதியைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். லைப்ரரிகள் பொதுவாக ஏ என்ற ஸ்வரம் 440 ஹெர்ட்ஸில் நிற்கும் ஸ்ருதியில் இருக்கும். எஃப்பில் பாட்டு என்றால் அவரிடம் 4 கட்டை என்று சொல்லுங்கள், ஜி என்றால் 5 கட்டை. சி என்றால் 1. அவர் உங்கள் ட்ராக்கைக் கேட்டுத் தந்தியைச் சேர்க்கட்டும். நாதஸ்வரம் பதிவதானால் இதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். நாதஸ்வரத்தின் ஸ்ருதி 440 இல் கச்சிதமாக வந்து நிற்காது, சீவாளி மாற்றினாலே கொஞ்சம் நகரும். அதனால் முதலில் நாதஸ்வரத்தைப் பதிந்து, அது எவ்வளவு கூடவோ குறையவோ இருக்கிறது என்று ட்யூனரில் பார்த்து, உங்கள் ஸ்ட்ரிங்ஸ் ட்ராக்குகளை அதே அளவு நகர்த்துங்கள். சில சென்ட் (ஸ்ருதியை அளக்கும் மிகச் சிறிய அலகு) வித்தியாசமும் கோயில் பாட்டில் பல்லைக் கூச வைக்கும்.

இங்கே ஒரு சிக்கல் வரும். எஃப்எல் ஸ்டூடியோவின் ஃப்ரூட்டி எடிஷனில் வெளி ஒலியைப் பதிவு செய்ய முடியாது, அதற்குப் புரொடியூசர் எடிஷன் வேண்டும். உடனே மாற வேண்டாம். ரீப்பர் என்ற மென்பொருளை 60 நாள் முழுமையாகப் பாவித்துப் பார்க்க விடுகிறார்கள். உங்கள் நாடகத்துக்கு அது போதும். எஃப்எல்லில் செய்த ட்ராக்குகளைத் தனித்தனி வேவ் கோப்பாக எடுத்து ரீப்பரில் வைத்து, அதன் மேல் வயலினைப் பதியுங்கள். பிடித்துப்போனால் 60 டொலரில் அதன் தனிநபர் உரிமம் இருக்கிறது.

மிச்சக் காசில் முதலில் ராம். உங்கள் லப்டொப்பைத் திறந்து இன்னொரு ராம் போட இடம் இருக்கிறதா என்று கடையில் காட்டிக் கேளுங்கள், சில மொடல்களில் ராமை போர்டிலேயே ஒட்டியிருப்பார்கள். இடமிருந்தால் 16 ஜிபி ஆக்குங்கள். அடுத்தது வெளியில் செருகும் ஒரு எஸ்எஸ்டி, யூஎஸ்பி 3 வேகத்தில். உப்புவெளியில் கடற்காற்று யூஎஸ்பி முனைகளைத் துருப்பிடிக்க வைக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பாவிக்காத நேரம் ஒரு மூடிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பையோடு போட்டு வையுங்கள்.

லைப்ரரி வாங்குவது இந்த வருடம் ஒரு நான்கைந்து பாட்டாவது டிஸ்கவரில் செய்து முடித்த பிறகு. அப்போது உங்களுக்கே தெரியும் எது இல்லாமல் கை கட்டப்படுகிறது என்று. நவம்பர் கடைசியில் கறுப்பு வெள்ளி விற்பனையில் பல நிறுவனங்கள் விலையைக் குறைக்கின்றன, அதுவரை பொறுங்கள். லெகாட்டோதான் குறை என்றால் கோர் வாங்கலாம். அல்லது சினிமாட்டிக் ஸ்டூடியோ ஸ்ட்ரிங்ஸ். அதன் லெகாட்டோ நெஞ்சைத் தொடும், அதற்கு விலையும் கொடுக்க வேண்டும்: மெதுவான லெகாட்டோவில் கீயை அழுத்திய பின் அடுத்த ஸ்வரம் வந்து சேர மூன்றில் ஒரு செக்கன் ஆகும். நிமிடத்துக்கு 90 அடி என்ற காலப்பிரமாணத்தில் அது அரை அடி. ஒவ்வொரு ஸ்வரத்தையும் அந்த அளவு முன்னால் இழுத்து வைத்தால்தான் தாளத்தில் உட்காரும். ஓர்கெஸ்ட்ரல் டூல்ஸ் தங்கள் தொகுப்புகள் பலவற்றில் ஒரு வாத்தியத்தை மட்டும் தனியாக விற்கிறார்கள். ஒரு புல்லாங்குழலோ ஹோர்னோ மட்டும் போதும் என்பவருக்கு அது நல்லது. ஈஸ்ட்வெஸ்ட்டின் மாதச் சந்தா கவர்ச்சியாக இருக்கும், ஆனால் சந்தாவை நிறுத்தினால் பழைய பாட்டைத் திறக்கும்போது அந்த ஒலிகள் பேசாது. மாத வருமானம் ஏறி இறங்கும் நமக்கு அது சரிவராது என்பேன்.

கொன்டாக்ட் பற்றி ஒரு எச்சரிக்கை. பல லைப்ரரிகள் கொன்டாக்ட் என்ற மென்பொருளுக்குள் ஓடும். அதில் இலவச ப்ளேயர் ஒன்றும் காசு கொடுத்து வாங்கும் முழுப் பதிப்பு ஒன்றும் உண்டு. முழுப் பதிப்பு தேவைப்படும் லைப்ரரியை ப்ளேயரில் போட்டால் கால் மணி நேரம் ஒலித்துவிட்டு நின்றுவிடும். மலிவாக இருக்கிறதே என்று வாங்குவதற்கு முன் அந்த ஒரு வரியை வடிவாக வாசியுங்கள். சினிமாட்டிக் ஸ்டூடியோ ஸ்ட்ரிங்ஸ் இலவச ப்ளேயரிலேயே ஓடும்.

வெவ்வேறு நிறுவனங்களில் இருந்து துண்டு துண்டாகச் சேர்க்கவும் வேண்டாம். ஒன்று லண்டன் மண்டபம், ஒன்று பெர்லின், ஒன்று ஹொலிவுட். ஒவ்வொரு அறையின் எதிரொலியும் வேறு. அவற்றை ஒரே இடத்தில் உட்கார்ந்து வாசிப்பது போல ஆக்குவது அனுபவசாலிகளுக்கே கஷ்டமான வேலை. முதல் இரண்டு மூன்று வருடம் ஒரே அறையோடு இருங்கள்.

ஹெட்ஃபோனுக்கு வருவோம். வயலின் பதியப் போவதால் காதை முழுதாக மூடும் வகையை எடுங்கள். திறந்த வகையில் ஒலி வெளியே கசிந்து மைக்குக்குள் போய்விடும். ஆனால் ஹெட்ஃபோனில் மட்டும் கேட்டு மிக்ஸை முடித்துவிடாதீர்கள். உங்கள் பாட்டுக் கடைசியில் போகப் போவது பாடசாலை மண்டபத்தின் ஸ்பீக்கரிலும் கோயில் திருவிழாவில் மரத்தில் கட்டிய ஹோர்ன் ஒலிபெருக்கியிலும். ஹோர்னில் கீழ்ச் சத்தம் அப்படியே காணாமல் போகும், டபிள் பேஸ் வாசிப்பதே தெரியாது. டபிள் பேஸுக்கு எழுதும் வரியை எப்போதும் செலோவுக்கு ஒரு ஸ்தாயி மேலே சேர்த்து எழுதுங்கள், அப்போது பேஸ் கேட்காவிட்டாலும் வரி கேட்கும். ஒலிபெருக்கிக்காரரிடம் சொல்லி, நிகழ்ச்சிக்கு முன்பே ஒரு தரம் அதில் போட்டுக் கேட்டுவிடுங்கள்.